முள் ஏறாத வண்டி

ஏனுங்க தம்பி, நீங்களே சொல்லுங்க. இன்ஜின் குளுந்து ஓடுனா அது ஒரு வியாதிங்களா?

இல்ல, கேக்கறேன். ஊட்டியில ஏறுனதுல இருந்து என்ற மூஞ்சியைத் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க. பெருசு யாரு மேலயோ கோவமா உக்காந்திருக்குதுன்னு நெனச்சிருப்பீங்க. ஆமாங்க, கோவந்தான். அதை எதுக்கு மறைக்கோணும்? நீங்க சேலமுங்களா? நான் சங்ககிரி. அப்ப நேரம் கெடக்குது, கேளுங்க.

என்ற பேரு செங்கோட்டுவேலு. முப்பத்தோரு வருசம் லாரி ஓட்டுனவன். சேலத்துல ஜவ்வரிசி ஏத்துனா நாக்பூர், இந்தூர், டெல்லின்னு போயி எறக்கிட்டு, அங்கிருந்து வேற லோடு புடிச்சுட்டு வருவேன். எனக்கு இன்ஜினைப் பத்திப் பாடம் எடுக்கறாங்க தம்பி. யாரு? ஊட்டியில கார் பட்டறை வெச்சிருக்கறவன். அவன் அந்த மலையை விட்டு எறங்கி நூறு மைல் வண்டி ஓட்டியிருப்பானா?

சரி, மொதல்ல இருந்து சொல்றேன். எங்கூட்டுக்காரி போயி ரெண்டு வருசம் ஆச்சு. ஒரே மக, கோகிலா. கேத்தியில இருக்கறா. இப்பத் தாண்டுனமே, அதே கேத்திதான். மாப்பிள்ளை மோகனசுந்தரம், தோட்டக்கலை ஆபீசுல வேலை. நல்ல மனுசன்னு ஊரே சொல்லும். எனக்கு அதுதான் ஆகறதில்ல. வாயைத் தொறந்து பேச மாட்டாரு. நாலு கேள்வி கேட்டா ஒரு 'சரிங்க மாமா'. அவ்வளவுதான். பேத்தி இதழினிக்கு அஞ்சு வயசு, வீட்டுல எல்லாருக்கும் சேத்து அவதான் பேசுவா. 'அங்க தனியா என்னப்பா பண்றீங்க, இங்க வந்து இருங்க'ன்னு மக கூப்புட்டுட்டே இருந்தா. கார்த்திகை பொறந்ததும் பையைத் தூக்கிட்டுப் போனனுங்க. இனி அதுதான் என்ற வீடுன்னு நெனச்சுத்தான் போனேன். ஒண்ணரை மாசம் தாங்கல, திரும்பி வந்துட்டிருக்கறேன் பாத்துக்கங்க.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு காரு.

மாப்பிள்ளைகிட்ட ஒரு டீசல் கார் இருக்குது. கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்டப் பழசா வாங்குனது, வாங்கி ரெண்டு வருசம் ஆகுது. காத்தால அதுலதான் பேத்தியை ஊட்டியில பள்ளிக்கூடத்துல விட்டுட்டு ஆபீஸ் போவாரு. நான் போன மறு வாரமே ஆரம்பிச்சுட்டாரு. 'மாமா, சூடு காட்டற முள்ளு ஏறவே மாட்டேங்குது. பள்ளிக்கூடம் போற வரைக்கும் ஹீட்டர்ல சில்லுனுதான் காத்து வருது. கண்ணாடி உள்பக்கமெல்லாம் ஆவி புடிச்சுக்குது. போன வருசம் இப்படி இல்லீங்க. என்னவா இருக்கும்?'

பேசாத மனுசன் இத்தனை பேசுனாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'முள்ளு ஏறலைன்னு வருத்தப்படற மொத ஆளு நீங்கதான் மாப்பிள்ளை. முப்பத்தோரு வருசம் அந்த முள்ளு ஏறக்கூடாதுன்னு நான் வேண்டாத சாமி இல்ல'ன்னு சொன்னேன். நெசந்தானுங்களே? வண்டி ஓட்டறவனுக்குச் சூடுதான் எமன். குளுந்து ஓடற இன்ஜினுக்குச் சாவே கெடையாது. இது தெரியாம குளுருது குளுருதுன்னா? ஊட்டியில குளுராம வேற எங்க குளுரும்? ஸ்வெட்டரைப் போட்டுக்கங்கன்னு சொன்னேன். 'சரிங்க மாமா'ன்னாரு.

சரின்னு சொன்னவரு சும்மா இருந்தாரா? ஊட்டியில ஒரு பட்டறைக்கு வண்டியை ஓட்டிட்டுப் போனாரு. ஏமாத்திப்புடுவானுங்கன்னு நானும் கூடப் போனேன். அங்க ஒருத்தன் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து சொருகிப் பாத்துட்டு, சென்சார் போயிருச்சுன்னான். மாத்துனான். முள்ளு அப்படியேதான் கெடந்துச்சு. அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் நிக்காம சுத்துதோ என்னமோன்னு பாத்தான். சுத்தல. அப்புறம் கூலன்ட்டை மாத்துறேன்னான். பச்சைத் தண்ணியைக் கீழ விட்டுட்டு செவப்புத் தண்ணியை ஊத்துனான். என்ன ஆச்சு? தண்ணி நெறம் மாறுச்சு. அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னனுங்க, 'டேய், நோவே இல்லாத வண்டிக்கு வைத்தியம் பாக்கறயே, உனக்கு வெக்கமா இல்லையா?'ன்னு. மாப்பிள்ளை என்ற கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாரு.

அந்தக் கம்ப்யூட்டருக்கு என்னங்க தெரியும்? அந்த இன்ஜினைப் பத்தி அவனுங்களை விட எனக்கு நல்லாத் தெரியும். ஆடி நோம்பிக்கு அவங்க சங்ககிரி வந்திருந்தப்ப அதைத் தொறந்து தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டுனதே நான்தானே!

அது என்னன்னு கேக்கறீங்களா? இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு சின்னக் கதவுங்க, எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அது மூடியிருக்கும், தண்ணியை ரேடியேட்டருக்கு விடாது. இன்ஜின் நல்லா சூடு புடிச்சதுக்கப்புறம் தானாத் தொறக்கும். படிச்சவன் வெச்ச ஏற்பாடு. ஆனா ஒரு நாள் அது தொறக்கலைன்னா? தண்ணி கொதிச்சு, ஹெட்டு வெந்து, வண்டி நடு ரோட்டுல நின்னுக்கும். அதனால எங்க பக்கம் புது வண்டி வந்தா பூசை போட்டுட்டு மொத வேலையா அதைக் கழட்டி எறிஞ்சுடுவோம். கதவே இல்லைன்னா ஒட்டறதுக்கு என்ன இருக்குது?

எனக்கு அது பண்ணுன துரோகம் கொஞ்சமில்லீங்க. ஆதிலாபாத்துக்கு இந்தப் பக்கம், சித்திரை வெயிலு. அந்த வால்வு ஒட்டிக்கிட்டு தொறக்கவே இல்ல. ஹெட் கேஸ்கட் போச்சு. நாலு நாள் ஒரு புளியமரத்தடியில கெடந்தேன். அந்த நாலு நாள்லதான் என்ற மக வயசுக்கு வந்ததுக்குத் தெரட்டி சீரு. மாமன் வந்தான், பங்காளி வந்தான், ஊரே வந்துச்சு. பெத்தவன் வரல. மக மணையில உக்காந்துட்டு வாசலையே பாத்துட்டிருந்தான்னு எங்கூட்டுக்காரி சாகற வரைக்கும் சொல்லிக்காட்டுனா. அன்னைக்கு முடிவு பண்ணேன், என்ற கைக்கு வர்ற எந்த வண்டியிலயும் அந்தச் சனியன் இருக்கக்கூடாதுன்னு. மக போற வண்டியில மட்டும் விட்டுடுவேனுங்களா? அவங்க கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல மூடியைக் கழட்டி, வால்வை உருவிட்டு, தண்ணி கசியாம இருக்கச் செவப்புப் பசை போட்டு மறுபடி மூடிட்டேன். ஒரு மணி நேர வேலை. அவங்ககிட்டச் சொல்லல. சொல்றதுக்கு என்னங்க இருக்குது? கொழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வெக்கறப்ப அதுகிட்டக் கேட்டுட்டா வெக்கறோம்?

இருங்க, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. வேண்டாம். அப்புறம் பேசிக்கலாம்.

அதுக்கப்புறமும் நான் சும்மா இருக்கலைங்க. மாப்பிள்ளை சங்கடப்படறாரேன்னு ரேடியேட்டருக்கு முன்னாடி அட்டை வெச்சுக் கட்டுனேன். வடக்க பனிக்காலத்துல லாரிக்காரங்க பண்றதுதான், எதுர்காத்து படலைன்னா கொஞ்சம் சூடு நிக்கும். பிஸ்கட் பெட்டி அட்டை. முள்ளு கால்வாசி ஏறுச்சு. 'பாத்தீங்களா?'ன்னேன். 'ஆமாங்க மாமா'ன்னாரு. மூணாம் நாள் மழை பேஞ்சு அட்டை ஊறி ரோட்டுல விழுந்துருச்சு. ஊட்டியில மழை பேஞ்சா அதுக்கும் நானா பொறுப்பு?

மார்கழி பொறந்துச்சு. காத்தால பாத்தா புல்லு மேலெல்லாம் உப்பைக் கொட்டுன மாதிரி பனி. அன்னைக்கு நான் வண்டியில முன்னாடி உக்காந்திருந்தேன், பேத்தி பின்னாடி. ஹீட்டரைப் போட்டா காத்து சில்லுங்குது. மூணு பேரு விடற மூச்சே கண்ணாடியில படிஞ்சு வெள்ளையா மறைக்குது. மாப்பிள்ளை ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில துண்டு. தொடைக்கறாரு, மறைக்குது. தொடைக்கறாரு, மறைக்குது. ஒரு வளைவு. எதுர்ல பால் வண்டி. பக்கத்துல வந்ததுக்கப்புறந்தான் தெரிஞ்சுது. இவரு ஒடிச்சாரு, வண்டி போயி ஓரத்துச் சாக்கடைக் கட்டையில முட்டி நின்னுச்சு.

பெருசா ஒண்ணுமில்லீங்க. பேத்தி முன் சீட்டுல மோதி ஒதடு கிழிஞ்சுருச்சு. ரெண்டு தையல்.

ரெண்டே ரெண்டு தையல்தான். ஆனா அந்தச் சின்ன வாயில ரத்தத்தைப் பாத்துட்டேன் தம்பி. இத்தனை வருசம் ரோட்டுல எத்தனையோ பாத்திருக்கேன், அன்னைக்குப் பயந்த மாதிரி எப்பவும் பயந்ததில்ல. அவ அழுகக்கூட இல்ல. 'தாத்தா, பல்லு இருக்குதா பாருங்க'ங்கறா.

ஆஸ்பத்திரியில வெச்சு மாப்பிள்ளையைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டேன். 'மலையில வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா? கொழந்தையை உள்ள வெச்சுட்டு இப்படித்தான் ஓட்டுவீங்களா?'ன்னு. நர்சம்மா, வாட்ச்மேன் எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க. என்ற மக கொழந்தையை மடியில போட்டுட்டு என்னையே பாத்தா. அவரு என்ன சொன்னாருங்கறீங்க? 'தப்புதானுங்க மாமா'ன்னாரு. பாத்துக்கங்க, அவரே ஒத்துக்கிட்டாரு!

அதுக்கப்புறந்தான் அந்த பெர்னாட் வந்து சேந்தான். மாப்பிள்ளை ஆபீசுல யாரோ சொன்னாங்களாம். நாப்பது வயசு இருக்கும், ஊட்டியிலயே பொறந்து வளந்த மெக்கானிக். கம்ப்யூட்டர் ஒண்ணும் கெடையாது. 'வண்டியை இங்கயே விட்டுட்டுப் போங்க, காலையில நல்லா ஆறிக் கெடக்கும்போது பாக்கணும்'ன்னான். மறுநாள் போனோம். ஸ்டார்ட் பண்ணிட்டு, ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸைக் கையில புடிச்சுட்டு சும்மா நின்னான், நாடி பாக்கற வைத்தியனாட்டம். ரெண்டு நிமிசம். அப்புறம் மாப்பிள்ளையைப் புடிச்சுப் பாக்கச் சொன்னான்.

'இந்த ஹோஸ் இப்ப சில்லுனு இருக்கணும் சார். இன்ஜின் நல்லா சூடானப்புறம்தான் இதுல சுடுதண்ணி வரணும். இப்பவே வெதுவெதுன்னு வருது பாருங்க. உண்டாகற சூட்டையெல்லாம் அப்பப்ப ரேடியேட்டர்ல கொண்டுபோய் ஆறப்போடுது. அப்புறம் எப்படி முள்ளு ஏறும்? தெர்மோஸ்டாட் மூடாம தொறந்தபடியே ஒட்டிக்கிட்டிருக்கும்.' பேசிட்டே மூடியைக் கழட்டுனான். கழட்டிட்டுச் சிரிச்சான் தம்பி.

'தெர்மோஸ்டாட்டே இல்ல சார் உள்ள! எந்தப் புண்ணியவான் பண்ணுன வேலை இது? கீழ்க்காரன் வேலை!'

கீழ்க்காரன்! நம்மளைத்தான் அப்படிச் சொல்றான். மலைக்குக் கீழ இருக்கறவன் எல்லாம் அவனுக்குக் கீழ்க்காரன். நாம அனுப்பற அரிசியைத் தின்னுட்டு, நாம கீழ்க்காரங்க!

என்ற வாய் வரைக்கும் வந்துருச்சு, 'நான்தான்டா கழட்டுனேன், அதுக்கு என்னாங்கறே?'ன்னு. அதுக்குள்ள மாப்பிள்ளை முந்திக்கிட்டாரு. அந்த மூடியில இருந்த செவப்புப் பசையைப் பாத்தாரு. ஆடி நோம்பிக்கு அதே பசை என்ற வெரல்ல ஒட்டியிருந்ததைப் பாத்து, என்னங்க மாமான்னு கேட்டவரு அவரு. ஒரு நொடி என்னைத் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு, 'வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்ங்க, பழைய ஓனர் கழட்டியிருப்பாரு'ன்னாரு.

பெர்னாட் விடல. 'எப்ப வாங்குனீங்க?'

'ரெண்டு வருசம் ஆச்சுங்க.'

'இது ரெண்டு வருசப் பசை மாதிரி இல்லையே சார். போன வருசம் ஹீட்டர் நல்லா வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?'

'சரியா ஞாபகம் இல்லீங்க'ன்னாரு மாப்பிள்ளை.

பொய்யி தம்பி! பொய்யே பேசாத மனுசன்னு பேரெடுத்தவரு, பட்டறையில நின்னுட்டு அடுக்கடுக்காப் பொய்யி சொல்றாரு. எனக்கோசரம்! யாரு கேட்டா? நான் கையேந்தி நின்னனா? 'எங்க மாமா கழட்டுனாரு'ன்னு சொல்லியிருந்தா, ஏன் கழட்டுனேன்னு நான் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன். ஆதிலாபாத் வெயிலைப் பத்திச் சொல்லியிருப்பேன். அந்தப் பேச்சுக்கே எடமில்லாம பண்ணிட்டாரு.

நீங்களே சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. மாப்பிள்ளை ஒண்ணு சொன்னதுக்கப்புறம் மாமனாரு அதை மறுத்துப் பேசுனா அவரைப் பொய்யரு ஆக்குன மாதிரி ஆகாதுங்களா? வெளியாள் முன்னாடி மாப்பிள்ளைக்குக் குடுக்கற மரியாதை அதுங்களா? மரியாதைக்காகத்தான் வாயை மூடிட்டு இருந்தேன். அந்த பெர்னாட் என்னைப் பாத்து, 'பெரியவரே, நீங்க லாரி லைன்ல இருந்தவராமே, இதை நீங்களே பாத்துச் சொல்லியிருக்கலாமே'ங்கறான். அதுக்கும் பேசாம இருந்தேன். எல்லாம் மரியாதைக்காக.

புது வால்வு போட்டான். பத்து நிமிசத்துல முள்ளு பாதிக்கு ஏறி ஆணியடிச்ச மாதிரி நின்னுக்குச்சு. ஹீட்டர்ல நல்ல சூடு. மாப்பிள்ளை உள்ள உக்காந்து பாருங்க மாமான்னாரு. நான் வெளியவே நின்னுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நாலு நாள் அந்த வீட்டுல இருந்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லோணுமே? இல்ல. திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன். சண்டை போட்டிருந்தா நாலு பேச்சு பேசி ஆறியிருக்கும். சாப்பாடு போடறப்ப மக மட்டும் ஒண்ணு கேட்டா. 'அப்பா, ஆதிலாபாத்து இன்னும் உங்க மனசை விட்டுப் போகலையா?' அவ்வளவுதான். மேல ஒரு வார்த்தை இல்ல. ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டா. அப்ப அவளுக்கும் தெரிஞ்சிருக்குதுன்னுதானே அர்த்தம்? புருசனும் பொண்டாட்டியும் பேசி வெச்சுக்கிட்டு எனக்குப் பாவம் பாக்கறாங்க தம்பி. எனக்கு! நாலு நாளாக் கண்ணை மூடலீங்க.

நேத்து சாயங்காலம் பேத்தி பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா. ஓடி வந்து என்ற கழுத்தைக் கட்டிக்கிட்டு, 'தாத்தா, இப்பல்லாம் கார்ல சூடா காத்து வருது! நீங்களா சரி பண்ணுனீங்க?'ன்னா. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள மாப்பிள்ளை, 'ஆமா கண்ணு, தாத்தா கூட இருந்துதான் சரி பண்ணுனாங்க'ன்னாரு. கொழந்தைகிட்டயும் பொய்யி! அது தையல் போட்ட ஒதட்டோட எனக்கு ஒரு முத்தம் குடுத்துச்சு. நூலு கன்னத்துல குத்துச்சுங்க. அதுக்கு மேல அந்த வீட்டுல எப்படிச் சோறு எறங்கும்?

இன்னைக்குக் காத்தால பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். மக அழுதா. 'யாரு என்னப்பா சொன்னாங்க?'ங்கறா. யாரும் ஒண்ணும் சொல்லலைங்கறதுதான் என்ற கொறையே, அதை அவகிட்ட எப்படிச் சொல்றது? நடந்தே போயிக்கறேன்னேன். மாப்பிள்ளை பேசாம காரைக் கொண்டாந்து கதவைத் தொறந்துட்டு நின்னாரு. வேற வழியில்லாம ஏறுனேன். வண்டி கதகதன்னு இருக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. என்ற பக்கத்துக் கண்ணாடியை முழுசா எறக்கிவிட்டுட்டேன். பனிக்காத்து மூஞ்சியில அறையுது, காது மரத்துப்போச்சு, ஊட்டி வர்ற வரைக்கும் ஏத்தலையே! அவரு பாத்தாரு. கண்ணாடியை ஏத்துங்கன்னு சொன்னாரா? இல்ல. ஹீட்டரை அணைச்சாரா? அதுவும் இல்ல. இன்னும் ஒரு புள்ளி கூட்டி, அந்தக் காத்தை என்ற பக்கமாத் திருப்பிவிட்டாரு.

பஸ்ஸுல உக்கார வெச்சுட்டு, கெளம்பற வரைக்கும் கீழ நின்னாரு. டிரைவர் ஏறுனதுக்கப்புறம் ஜன்னல்கிட்ட வந்து சொல்றாரு, 'மாமா, ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு லீவு. வண்டிக்கு ஆயில் மாத்தோணும். பெர்னாட்கிட்ட விடறதுக்கு எனக்கு மனசில்லீங்க. நீங்க வந்து மாத்திக் குடுங்க.'

எவ்வளவு கொழுப்பு பாருங்க! நான் கோவிச்சுட்டுப் போறேன், இவருக்கு ஆயில் மாத்த வரோணுமாம். எனக்கென்ன வேற பொழப்பே இல்லையா? மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். அப்பத்தான் நீங்க பாத்தீங்க.

தம்பி, உங்க போன்ல காலண்டர் இருக்குதுங்களா? வர்ற ரெண்டாவது சனிக்கிழமை எந்தத் தேதின்னு பாத்துச் சொல்லுங்க. சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கத்தான்.

பதினொண்ணா? அப்பப் பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடி. பாத்தீங்களா தந்திரத்தை! ஆயில்னு சொல்லிக் கூப்புட்டு, அப்படியே பொங்கல் வரைக்கும் உக்கார வெச்சுக்கலாம்னு திட்டம் போட்டிருக்கறாரு. பேசாத மனுசன் இல்லீங்க இது, பெரிய ஆளு.

போறதா இருந்தா வெள்ளிக்கிழமையே பஸ் ஏறோணும். ஆயிலை ஈரோட்டுலயே வாங்கிட்டுப் போயிரலாம். ஆனா ஒண்ணுங்க தம்பி, அந்தக் குளுருக்கு எந்த ஆயில் ஊத்தறதுன்னு எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைகிட்டக் கேக்கோணும்.